குருமனையில் ஒரு பள்ளிக்கூடம்

1732-ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் போதகாசிரியராக இருந்த ஜான் வெஸ்லி என்னும் இளைஞர், தம்மையும் தம் உடன்பிறந்தாரையும் தம் தாயார் எந்த முறையில் வளர்த்துப் படிப்பித்தார் என்பதை எழுத்தில் தரும்படி வேண்டிக்கொண்டார். தாயாருக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. உலகத்தை ஒருவாறு துறந்துவிட்டவர்களுக்கன்றி மற்றவர்களுக்குத் தம்முடைய முறை கைகூடாது என்றும், பிள்ளைகளின் ஆத்தும நன்மைக்கென்று தம் வாழ்நாளின் சிறந்த பருவத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒப்புக்கொடுக்கச் சம்மதிப்பவர்கள் மிகச் சிலரே என்றும் அவர் பதில் எழுதினார். மகன் விடுவதாக இல்லை. ஆகவே அவ்வாண்டு ஜூலை 24-ஆம் தேதி, தம் அறுபத்து மூன்றாம் பிராயத்தில், அந்த மூதாட்டி உட்கார்ந்து, வீட்டையே பள்ளிக்கூடமாக்கித் தாம் நடத்திய வித்தையின் விதிகளையெல்லாம், ஒரு கைதேர்ந்த உபாத்தியாயர் பாடக்குறிப்பு எழுதுவதுபோல, அலங்காரம் ஏதுமின்றி எழுதி அனுப்பினார்.

அவர் பெயர் சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் சபையைத் தோற்றுவித்த ஜானுக்கும், கிறிஸ்தவ உலகம் இன்றும் பாடுகின்ற ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை இயற்றிய சார்லஸுக்கும் தாய் என்பதே அவரைப்பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கும் செய்தி. அது உண்மைதான், ஆனால் அவ்விரண்டு பிள்ளைகளும் பெயரற்ற கிராமத்துக் குருமார்களாகவே இருந்து மடிந்திருந்தாலும், அந்தத் தாய் நினைக்கத்தக்கவராகவே இருந்திருப்பார் என்பது என் எண்ணம். கடனும் வியாதியும் தீயும் மாறிமாறி வந்து தட்டிய ஒரு வீட்டில், சாகாமல் மிஞ்சிய பத்துப் பிள்ளைகளுக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்கிக் கொடுத்த ஆசிரியை அவர். பணம் ஒருநாளும் அவரிடம் மிஞ்சியதில்லை, நேரமும் மிஞ்சியதில்லை, ஆயினும் நேரத்தை மாத்திரம் அவர் பங்கிட்டுக் கொடுத்தார்.

1669-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி லண்டனில் சாமுவேல் ஆன்ஸ்லி என்னும் பண்டிதருக்கு இருபத்தைந்தாவது குழந்தையாக, எல்லோருக்கும் இளையவளாகச் சூசன்னா பிறந்தார். ஆங்கிலத் திருச்சபையின் பிரார்த்தனைப் புத்தகத்தை முழுவதும் ஒப்புக்கொள்ளாத குருமார்களை 1662-ல் அரசாங்கம் பதவியிலிருந்து நீக்கியபோது, கிரிப்பிள்கேட் ஆலயத்தின் வருமானத்தையும் கௌரவத்தையும் மனச்சாட்சிக்காகத் துறந்து வெளியேறியவர் ஆன்ஸ்லி. நாவலாசிரியர் டேனியல் டீபோ அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்தவர். இப்படிப்பட்ட வீட்டில், வருகின்றவர் போகின்றவர் எல்லோரும் வேத விவகாரங்களை வாதித்துக்கொண்டிருந்த கூடத்தில், ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கடைக்குட்டிப் பெண், பதின்மூன்று வயது நிரம்புவதற்கு முன்பே இருதரப்பு வாதங்களையும் சீர்தூக்கிப் பார்த்து, தகப்பனார் விட்டு வந்த அதே ஆங்கிலத் திருச்சபைக்கு நான் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டாள். காரணங்களை ஒரு காகிதத்தில் எழுதியும் வைத்தாள். தகப்பனார் சினந்ததாகத் தெரியவில்லை. தாம் இறக்கும்போது தம்முடைய கையெழுத்துப் பிரதிகளை அந்த மகளுக்கே விட்டுப்போனார் என்பதிலிருந்து அவர் மனம் விளங்கும்.

1688-ல் சாமுவேல் வெஸ்லி என்னும் இளங்குருவை அவர் மணந்தார். அவரும் பிரிந்துபோன சபைக் குடும்பத்தில் பிறந்து, தம் இஷ்டப்படி ஆங்கிலத் திருச்சபைக்குத் திரும்பியவர்; கவி; கல்விமான்; கணக்கு மாத்திரம் வராதவர். லிங்கன் மாகாணத்தின் வடமேற்குக் கோடியில் ஆக்ஸ்ஹோம் தீவு என்று வழங்கப்படும் தாழ்ந்த நிலப்பகுதி உண்டு. ஒருகாலத்தில் சுற்றிலும் சதுப்பாயிருந்து, பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து நிபுணர்களால் நீர் வடிக்கப்பட்டு, அதனால் தங்கள் மேய்ச்சலும் மீன்பிடிப்பும் போயிற்றே என்று அயலாரையெல்லாம் பகைக்கப் பழகிவிட்ட ஜனங்கள் வாழ்ந்த இடம் அது. அங்கே எப்வொர்த் என்னும் சிற்றூரின் ஆலயத்துக்குக் குருவாக அவர் நியமிக்கப்பட்டார். லத்தீன் மொழியில் யோபுவின் புஸ்தகத்துக்கு விரிவுரை எழுதுவதில் மூழ்கிய மனிதருக்கு, கழனியும் மாடும் களஞ்சியமுமாக ஒரு குருமனையை நிர்வகிக்கும் சாமர்த்தியம் எங்கிருந்து வரும்? கடன் ஏறிற்று. 1705-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊராருக்குப் பிடிக்காத கட்சியைச் சேர்ந்து அவர் வாய்விட்டுப் பேசியதனால், ஆத்திரங்கொண்ட கும்பல் இரவெல்லாம் வீட்டு வாசலில் பறையடித்துக் கூச்சலிட்டது. கண்ணயராமல் இருந்து விடியற்காலையில் அசந்துபோன செவிலி, தன் பக்கத்தில் கிடந்த பச்சைக் குழந்தையின்மேல் புரண்டுவிட்டாள். குழந்தை மூச்சுத் திணறி இறந்தது. சில வாரங்களில், எதிர்க்கட்சியாருக்கு வேண்டிய ஒருவர் முப்பது பவுனுக்கும் குறைவான கடனுக்காகக் குருவைப் பிடித்து லிங்கன் கோட்டைச் சிறையில் அடைப்பித்தார். அவர் சிறையில் இருக்கும்போது யாரோ இரவில் வந்து குருமனைப் பசுக்களைக் குத்திக் காயப்படுத்தினார்கள். பிள்ளைகளுக்கிருந்த பாலும் போயிற்று.

அந்தச் சமயத்தில் சூசன்னா அம்மையார் தம் விரலில் இருந்த சிறு மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார். அனுப்புவதற்கு அவரிடம் வேறொன்றும் இல்லை. கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். விசாரிக்க வந்த யார்க் நகரத்துப் பிரதம அத்தியட்சர், உண்மையைச் சொல்லுங்கள் அம்மா, எப்போதாவது உணவில்லாமல் இருந்ததுண்டா என்று கேட்டபோது, உணவு இல்லாமற்போனதில்லை, ஆனால் உண்பதற்கு முன் அதைச் சம்பாதிக்கவும் உண்டபின் அதற்குக் கடன் தீர்க்கவும் பட்ட பாட்டில் அந்த உணவு பலமுறை கசந்துபோயிற்று என்ற கருத்தில் அவர் விடையளித்தார். புகார் சொல்லாமலே உள்ளதைச் சொல்லிவிடும் இந்தத் திறம் அவருடைய கடிதங்கள் முழுவதும் காணப்படுகிறது.

கணவன் மனைவி இருவருக்கும் உறுதி அதிகம். 1701-1702 வாக்கில் ஒருநாள் குடும்ப ஜெபத்தில் வில்லியம் அரசருக்காகக் கணவர் பிரார்த்தித்தபோது, மனைவி ஆமென் சொல்லவில்லை என்பதை அவர் கவனித்துவிட்டார். நாடு கடத்தப்பட்ட ஜேம்ஸ் அரசரே தர்மப்படி அரசர் என்பது அம்மையாரின் கொள்கை. இரண்டு அரசர்கள் உள்ள வீட்டில் ஒரு படுக்கை உதவாது என்று சொல்லிக் கணவர் லண்டனுக்குப் போய்விட்டார். மாதங்கள் பல கழிந்தே சமாதானம் உண்டாயிற்று. 1703 ஜூன் மாதம் பிறந்த ஜான் அந்தச் சமாதானத்தின் பலன். ஒரு ஆமெனுக்காகக் குடும்பம் பிரிவதாவது என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் மனம் ஒப்பாத ஜெபத்துக்கு வாய் ஒப்பலாகாது என்பதைத் தாய் சொல்லிக் கொடுக்காமலே அந்த வீட்டுப் பிள்ளைகள் கற்றிருப்பார்கள்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

பத்தொன்பது குழந்தைகளைப் பெற்று ஒன்பதைச் சிறுபிராயத்திலேயே மண்ணுக்குக் கொடுத்த அம்மையார், ஐந்து வயது நிரம்பும்வரை எந்தக் குழந்தைக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று நியமம் வைத்திருந்தார். நம் நாட்டிலும் ஐந்தாம் வயதில் ஏடு தொடங்குவது வழக்கமல்லவா? குருமனையில் அது ஒரு சிறு உற்சவம்போலவே நடந்தது. பாடம் தொடங்குவதற்கு முந்தின தினமே வீடு ஒழுங்கு செய்யப்படும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை வகுத்துக் கொடுக்கப்படும். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலும் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரையிலும் அந்த அறைக்குள் யாரும் காலெடுத்து வைக்கக்கூடாது என்று உத்தரவாகும். மறுநாள் அறைக்குள்ளே தாயும் ஒரு குழந்தையும் மாத்திரம். அந்த ஒரே நாளில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் முழுவதும் வந்துவிடும். மூத்தவனான சாமுவேல் சில மணி நேரத்தில் கற்றுவிட்டான்; மேரி, ஆன் என்னும் இரண்டு பெண்களுக்கு மாத்திரம் ஒன்றரை நாள் பிடித்தது. இவ்விருவரையும் மந்தபுத்தி என்று அக்காலத்தில் எண்ணியதாகவும், ஆனால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் அரிச்சுவடியோடு எத்தனை காலம் போராடுகிறார்கள் என்பதைப் பிற்பாடு கண்டபின் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டதாகவும் அம்மையார் எழுதுகிறார்.

எழுத்து வந்த மறுநாளே வாசகம். அதற்கென்று எளிமையாக்கிய பாலபாடம் ஒன்றும் இல்லை. வேதாகமத்தைத் திறந்து ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் முதல் வசனத்தில் குழந்தையின் விரலை வைத்துவிடுவார். முதலில் எழுத்துக்கூட்டி, பிறகு சேர்த்து, பிறகு தடையின்றி, அந்த வசனம் முழுவதும் வசமானபின் அடுத்த வசனம். பிப்ரவரியில் தொடங்கிய சாமுவேல், அவ்வாண்டு பெந்தெகொஸ்தே பண்டிகைக்குள் ஒரு முழு அதிகாரத்தை நன்றாக வாசித்தானாம். ஒரே ஒரு முறை இந்த நியமம் மீறப்பட்டது. கடைசிப் பெண்ணுக்குத் தகப்பனார் தாம் ஆராய்ந்துகொண்டிருந்த யோபுவின் மகள் பெயரைத் தேர்ந்து கெஸியா என்று பெயரிட்டிருந்தார். அவள்மேலிருந்த பிரியத்தினாலோ அவசரத்தினாலோ, ஐந்து வயதாகுமுன்பே அவளுக்கு எழுத்துத் தொடங்கிவிடவேண்டுமென்று அவர் வற்புறுத்த, மனைவியும் இணங்கினார். விளைவை அம்மையார் ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறார்: மற்றவர்கள் மாதக் கணக்கில் கற்றதை அவள் வருஷக் கணக்கில் கற்றாள் என்பது அதன் சாரம். இக்காலத்தில் மூன்று வயதுக் குழந்தையின் முதுகில் புத்தக மூட்டையை ஏற்றும் தாய்தந்தையர் இந்த வாக்கியத்தை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

பள்ளி நேரத்தில் உரக்கப் பேசுதல், இடத்தைவிட்டு எழுந்து ஓடுதல், அனுமதியின்றி வெளியே போதல் எதற்கும் இடமில்லை. உடன்பிறந்தாரை வெறும் பெயர் சொல்லி அழைப்பதும் தடை. சகோதரர் என்றோ சகோதரி என்றோ சேர்த்தே அழைக்கவேண்டும். அண்ணன் அக்காள் என்று முறைவைத்துக் கூப்பிட்டே வளர்ந்த நமக்கு இது புதுமையன்று. ஆங்கில வீட்டில் புதுமைதான். வேலைக்காரியிடம் ஒரு துண்டு ரொட்டி வேண்டுமானாலும் தயவாகக் கேட்கவேண்டும். பிறர் பொருள் ஒரு குண்டூசியேயானாலும், உடையவர் விருப்பமின்றித் தொடலாகாது. ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை இல்லை; தண்டித்த குற்றத்தைப் பின்னொரு நாள் சொல்லிக்காட்டுவதும் இல்லை. தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும் பிள்ளைக்கு அடி இல்லை. அடிக்குப் பயந்தே பிள்ளைகள் பொய் சொல்லப் பழகுகிறார்கள் என்பது இதற்கு அவர் கூறும் காரணம்.

பெண் குழந்தைகளைப்பற்றி அவர் வகுத்த விதியொன்று எல்லாவற்றிலும் மேலாக என் மனத்தைக் கவர்கிறது. நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண்ணுக்கும் தையல் முதலிய வேலைகளைக் கற்பிக்கக்கூடாது. கற்றபின், வாசிப்பில் காட்டின அதே சிரத்தையை வேலையிலும் காட்டவேண்டும். காதால் கேட்கத்தக்கபடி வாசிக்கும் ஸ்திரீகள் மிகக் குறைவாயிருப்பதற்கு, எழுத்து வருமுன்னே அவர்கள் கையில் ஊசியைக் கொடுத்துவிடுவதே காரணம் என்று அவர் எழுதினார். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களே இங்கிலாந்தில் பெரும்பாலோராயிருந்த காலம் அது. ஹெட்டி என்னும் மகள் சிறுவயதிலேயே கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை வாசித்தாள். தக்க பாடநூல்கள் கிடைக்காதபோது அம்மையார் தாமே எழுதினார்: சூக்கி என்று செல்லமாக அழைத்த மகளுக்கு விசுவாசப்பிரமாணத்தின் பொருளை விளக்கி ஒரு நீண்ட கடிதம், பத்துக் கற்பனைகளுக்கு ஒரு விளக்கம், தாமும் மூத்த மகள் எமிலியாவும் கடவுளைப்பற்றிப் பேசுவதாக அமைத்த ஒரு சம்பாஷணை. ஒரே பாடத்தை அந்த மண்டுவுக்கு எதற்காக இருபது முறை சொல்லுகிறாய் என்று கணவர் ஒருநாள் அலுத்துக்கொள்ள, பத்தொன்பதோடு நிறுத்தியிருந்தால் பட்ட பாடெல்லாம் வீணாயிருக்குமே என்று மனைவி சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. உபாத்தியாயர் வேலை செய்தவர்கள் அதை நம்பத் தயங்கமாட்டார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது நியாயமாகாது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் பழமொழி. அம்மையாருக்கோ ஐந்து வயதுகூட மிகவும் தாமதம். ஒரு வயது ஆகும்போதே, சிலருக்கு அதற்கும் முன்னரே, பிரம்புக்கு அஞ்சவும் அடிபட்டால் சத்தமில்லாமல் அழவும் குழந்தைகள் பழக்கப்பட்டார்கள் என்றும், அதனால் அந்த வீட்டில் குழந்தைகள் இருப்பதே தெரியாதபடி அமைதி நிலவிற்று என்றும் அவர் பெருமிதத்தோடு எழுதுகிறார். பிள்ளையின் சுயசித்தத்தை அடக்குவதே பக்திமார்க்கத்தின் முதற்படி என்பது அவர் சித்தாந்தம். அக்காலத்தில் மற்ற வீடுகளில் கோபத்தில் விழுந்த அடிகளை எண்ணினால், வரம்பு கட்டிய இந்தச் சிட்சை எவ்வளவோ மேல் என்று சமாதானம் சொல்லலாம். எனினும் ஒரு வயதுக் குழந்தை அழுகையை விழுங்கிக்கொள்வதைப் படிக்கும்போது எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

1709-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி நள்ளிரவில் குருமனையின் கூரை தீப்பிடித்தது. நிறைகர்ப்பிணியான அம்மையார் மூன்று தடவை வாசலை நோக்கிப் போய் நெருப்பினால் பின்தள்ளப்பட்டு, கடைசியில் ஜெபித்துக்கொண்டே அனலுக்குள் நடந்து, சிறு தீக்காயங்களோடு வெளியே வந்தார். மாடியில் விடுபட்டுப்போன ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று பலகணி வழியாக இறக்கிய மறுகணம் கூரை உட்புறமாகச் சரிந்தது. நெருப்பிலிருந்து பறிக்கப்பட்ட கொள்ளி என்று வேதவசனத்தைக்கொண்டு ஜான் தம்மைக் குறித்துக்கொள்வது இதனால்தான். ஆன்ஸ்லி மகளுக்கு விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகளும், பதின்மூன்று வயதுச் சிறுமி எழுதிவைத்த காரணங்களும் அந்த இரவில் சாம்பலாயின. ஓராண்டுக்குள் செங்கல்லால் புது வீடு எழும்பிற்று. இன்றும் எப்வொர்த்தில் நிற்பது அதுவே.

ஆனால் ஆசிரியைக்கு வேறொரு நஷ்டம் இருந்தது. வீடு கட்டி முடியும்வரை பிள்ளைகள் அயலார் வீடுகளிலும் உறவினர் வீடுகளிலும் பிரிந்து வாழ்ந்தார்கள். திரும்பி வந்தபோது, வேலைக்காரர்களோடு திரிந்து கற்ற கொச்சைப் பேச்சும் கெட்ட பாட்டும் அவர்களோடு வந்தன. அம்மையார் மனமுடையவில்லை, அடித்தளத்திலிருந்து மறுபடி தொடங்கினார். காலையிலும் மாலையிலும் சங்கீதம் பாடிப் பள்ளியைத் தொடங்கவும் முடிக்கவும் ஏற்பாடாயிற்று. மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை ஒன்று இளைய பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு தனியே போய், அன்றைய சங்கீதத்தையும் புதிய ஏற்பாட்டின் ஓர் அதிகாரத்தையும் வாசித்துக் காட்டவேண்டும்.

இங்கே கதை நம்முடைய கடற்கரைக்கு வருகிறது. காவிரி கடலோடு கலக்கும் இடத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில், 1620 முதல் டென்மார்க் தேசத்தார் கோட்டை கட்டி வியாபாரம் செய்துவந்தார்கள். அவர்களுடைய அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளூட்ஷோ என்னும் இரண்டு ஜெர்மானிய குருமார்கள் 1706 ஜூலை 9-ஆம் தேதி அங்கே வந்து சேர்ந்தார்கள். தமிழ் கற்க அவர்களிடம் நூலில்லை, அகராதியில்லை. ஊர்க் கிழவரான ஒரு வாத்தியாரைத் தம் வீட்டிலேயே திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தும்படி வேண்டிக்கொண்டு, சிறுபிள்ளைகளோடு பிள்ளைகளாக உட்கார்ந்து, மணலில் விரலால் அகரத்தை எழுதிப் பழகினார் சீகன்பால்கு. அவர் தாய்நாட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1709-ல் லண்டனில் அச்சாயின. அந்தப் புத்தகம் எப்படியோ எப்வொர்த் குருவின் நூலறைக்கு வந்தது. அவரும் ஒருகாலத்தில் கீழ்நாடுகளுக்குப் போய் ஊழியம் செய்ய ஆசைப்பட்டவர்தாம். தகப்பனார் லண்டனுக்குப் போயிருந்த சமயம், 1711-ன் இறுதியிலோ அதற்கடுத்த மாதத்திலோ, எமிலியா அதை எடுத்துத் தாய்க்கு வாசித்தாள்.

அதைக் கேட்டபின் பல நாள்கள் வேறெதையும் தம்மால் நினைக்கவோ பேசவோ முடியவில்லை என்று அம்மையார் கணவருக்கு எழுதினார். தாம் ஆடவருமல்ல, குருவுமல்ல. தரங்கம்பாடி குருமார் செய்ததைத் தம்மால் செய்ய இயலாது. ஆனாலும் இப்போது செய்வதைக்காட்டிலும் அதிகமாகச் செய்யலாமே என்று நினைத்தார். எங்கே தொடங்குவது? தம் பிள்ளைகளிடத்திலேயே தொடங்கினார். ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனித்திருந்து, அதன் மனத்திலுள்ளதைக் கேட்பது என்று வகுத்தார்: திங்கள் மேரிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, புதன் ஆனுக்கு, வியாழன் ஜானுக்கு, வெள்ளி மார்த்தாவுக்கு, சனி சார்லஸுக்கு, ஞாயிறு எமிலியாவுக்கும் சூக்கிக்கும். பகலெல்லாம் பாடம் சொன்ன ஆசிரியை இரவில் வெறுந்தாயாக உட்கார்ந்து கேட்டார். நாலு வயதுச் சார்லஸுக்கும் ஒரு சனிக்கிழமை சொந்தமாயிருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். இருபது ஆண்டுகளுக்குப்பின் ஆக்ஸ்போர்டிலிருந்து ஜான், அந்த வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பகுதியையாவது தமக்கென்று ஒதுக்கித் தம்மை நினைத்துக்கொள்ளும்படி தாய்க்கு எழுதினார். தமிழ் எழுத்தை மணலில் கற்ற ஒருவரின் கடிதம் அந்த வியாழக்கிழமைகளை உண்டாக்கியது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1814-ல் இலங்கைக்கும், அங்கே யாழ்ப்பாணத்தில் ஊழியம் தொடங்கி 1817-ல் சென்னைக்கும் வந்து பள்ளிகள் வைத்த வெஸ்லியன் மிஷனாருக்கு, இந்தப் பூர்வகதை எவ்வளவு தெரியுமோ!

அதே பனிக்காலத்தில் வேறொன்றும் நடந்தது. குரு ஊரில் இல்லாததனால் ஆலயத்தில் பிற்பகல் ஆராதனை நின்றிருந்தது. ஆகவே ஞாயிறு மாலைகளில் அம்மையார் தம் பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் சமையலறையில் ஜெபமும் பிரசங்க வாசிப்பும் நடத்தினார். வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொல்ல, அவர்கள் வந்தார்கள். அவர்களைக் கண்டு அண்டை வீட்டார் வந்தார்கள். முப்பது நாற்பதாயிருந்த கூட்டம் இருநூறுக்கு மேற்பட்டது, இடமில்லாமல் திரும்பினவர்களும் உண்டு. ஆலயத்தில் தமக்கு அவ்வளவு கூட்டம் சேராத உதவி குரு, லண்டனுக்குப் புகார் எழுதினார். ஸ்திரீ ஒருத்தி கூட்டம் நடத்துவது விபரீதமாகத் தோன்றும், வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாகாதா என்று கணவர் எழுத, அம்மையார் அளித்த பதிலில் ஆசிரியை பேசுகிறார்: வந்திருக்கும் ஆடவரில் ஒரு பிரசங்கத்தைப் பாதியும் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத்தக்கவர் ஒருவரும் இல்லையே. மேலும், நிறுத்தத்தான் வேண்டுமென்றால் உங்கள் ஆசையைச் சொல்லவேண்டாம், கட்டளையிடுங்கள்; நியாயத்தீர்ப்பு நாளில் இத்தனை ஆத்துமாக்களுக்கு நன்மை செய்யாத குற்றம் என்மேல் வராதபடி தெளிவான வார்த்தைகளில் கட்டளையிடுங்கள் என்று எழுதினார். கணவர் கட்டளையிடவில்லை.

பிள்ளைகள் வளர்ந்தபின் வந்த துயரங்களுக்கு அந்தப் பள்ளியில் பாடம் இருக்கவில்லை. எல்லோரிலும் கூர்மையான புத்தியும் கவி பாடும் ஆற்றலும் உடைய ஹெட்டி, 1725-ல் ஒருவனை நம்பிப்போய் ஏமாற்றப்பட்டுத் திரும்பினாள். தகப்பனார் அவளை அவசரமாக ஒரு ஈயக் குழாய்த் தொழிலாளிக்கு மணம் செய்துவைத்தார். அவள் எத்தனை கடிதம் எழுதி மன்றாடியும் மன்னிக்கவில்லை. ஜான் தம் சகோதரிக்காகப் பரிந்து, பிறரிடம் காட்டவேண்டிய இரக்கத்தைப்பற்றித் தகப்பனாரின் பிரசங்க பீடத்திலிருந்தே பேசி அவருடைய கோபத்துக்கு ஆளானார். குற்றத்தை ஒப்புக்கொண்ட பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்பது அந்த வீட்டின் சட்டம். மிகவும் வேண்டியிருந்த வேளையில் அது எங்கே போயிற்று? மார்த்தாவின் கணவனும் பின்னாளில் துரோகியானான். லண்டனில் அகராதி ஆசிரியர் டாக்டர் ஜான்சனின் சிநேகமும் மரியாதையும் அவளுக்குக் கிடைத்தன என்பதே ஆறுதல். எமிலியா கெய்ன்ஸ்பரோ என்னும் ஊரில் தானே ஒரு பள்ளிக்கூடம் வைத்து நடத்தினாள்.

1735 ஏப்ரலில் கணவர் காலமானார். குருமனை அடுத்த குருவுக்குரியது. வீடற்ற விதவை எமிலியாவின் பள்ளிக்கும், மூத்த மகன் தலைமையாசிரியராயிருந்த டிவர்ட்டன் ஊருக்கும், மருமகன் வீட்டுக்குமாக மாறிமாறிச் சென்று, முடிவில் லண்டனில் ஜான் வாங்கிச் செப்பனிட்டிருந்த பழைய பீரங்கி வார்ப்படச் சாலையில் ஓர் அறையில் தங்கினார். அங்கே ஒருநாள், குருப்பட்டம் பெறாத தாமஸ் மாக்ஸ்பீல்ட் என்னும் வாலிபர் பிரசங்கம் செய்யத் துணிந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஜான் வெகு கோபத்தோடு வந்து சேர்ந்தார். அவனும் உன்னைப்போலவே கடவுளால் அழைக்கப்பட்டவன்தான், அவசரப்படாதே, அவன் பேச்சின் பலனை விசாரித்து, நீயே போய்க் கேள் என்று தாய் நிறுத்திவைத்தார். ஜான் போய்க் கேட்டார், இணங்கினார். மெதடிஸ்ட் இயக்கம் குருப்பட்டமற்ற சாமானிய ஜனங்களின் வாயினாலேயே தேசமெங்கும் பரவியது. எப்வொர்த் சமையலறையில் இருநூறு பேருக்குப் பிரசங்கம் வாசித்த பெண்மணிக்கு மாக்ஸ்பீல்டின்மேல் கோபம் வராதது அதிசயமன்று.

1742 ஜூலையில், எழுபத்து மூன்று வயதில், தாம் விடுதலையானவுடன் கடவுளைத் துதித்து ஒரு சங்கீதம் பாடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அம்மையார் தேகவியோகமானார். பெண் மக்களும் ஜானும் அருகில் நின்று அவ்வாறே பாடினார்கள். ஆகஸ்டு 1-ஆம் தேதி, பெருந்திரளான ஜனங்கள் சூழ, பன்ஹில் பீல்ட்ஸ் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். மோட்ச பிரயாணம் எழுதிய பன்னியனும் டீபோவும் உறங்குகின்ற அந்த இடம் பிரிந்துபோன சபையாரின் இடுகாடு. பதின்மூன்று வயதில் அவர்களை விட்டுப் போன பெண் அறுபது ஆண்டு கழித்து அவர்களிடையே வந்து சேர்ந்தாள்.

கல்லில் பொறிக்கச் சார்லஸ் ஒரு கவி எழுதினார். மரணத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1739-ல், மருமகன் கையிலிருந்து இராப்போஜனப் பாத்திரத்தைப் பெற்றபோதுதான் தமக்குப் பாவமன்னிப்பின் நிச்சயம் உண்டாயிற்று என்று தாயார் சொல்லியிருந்தார். அதைக்கொண்டு, அதற்கு முந்திய எழுபது ஆண்டுகளையும் நியாயப்பிரமாண இருளில் கழிந்த இரவாக மகன் பாடிவிட்டார். ஞானப்பாட்டுக்காரருக்குச் சித்தாந்தம் முன்வந்துவிட்டது. தமக்காகக் கழிந்த சனிக்கிழமை இரவுகள் மறந்துபோயின. 1828-ல் ஒரு புதுக்கல் வைத்தார்கள். பத்தொன்பது பிள்ளைகளின் தாய் என்றும், அவர்களில் ஜானும் சார்லஸும் பிரசித்தர் என்றும் அதில் எழுதியிருக்கிறது. எமிலியாவின் பெயர் இரண்டு கற்களிலும் இல்லை. தரங்கம்பாடிப் புத்தகத்தை எடுத்து வாசித்தவளும், பள்ளிக்கூடம் நடத்தி அதன் ஓர் அறையில் தாய்க்கு இடம் கொடுத்தவளுமான அந்த மூத்த மகள், தாய்க்குப் பின்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தாள்.